போட்டி இல்லாத வாரத்தில் கோல்ப் வீரர் என்ன செய்வார்? நுவரெலியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா கோல்ப் மைதானம் டவுனுக்கு நடுவிலேயே கிடக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கூட நாலு பேர் புல்லுக்குள் பந்து தேடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் போவார். அதனால் மட்டையையே தொடாதவருக்கும் இங்கே கோல்பைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். பை தூக்கும் பிள்ளைகள், அவர்களின் அப்பா அம்மா, டீவியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என எல்லோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வருவது முன்னால் சொன்னதை நம்பித்தான் இருக்கிறது.

புரோ ஆட்கள் வருசம் முழுக்க போட்டி ஆடிக்கிட்டே இருப்பாங்களா?

இல்லை. புரோ என்றால் கோல்பையே தொழிலாக ஆடுகிறவர். ஒரு போட்டி என்றால் பொதுவாக நாலு நாள், நாளுக்கு 18 ஹோல் (பந்தைப் போட்டு முடிக்க வேண்டிய குழி), மொத்தம் 72. பெரிய சுற்றுகளில், அதாவது ஊர் ஊராக நடக்கிற போட்டித் தொடர்களில், வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். இந்தியச் சுற்றில் செவ்வாயில் தொடங்கி வெள்ளியில் முடிகிற வாரங்களும் உண்டு. இரண்டு நாள் முடிந்ததும் ‘கட்’ விழும். அமெரிக்க பிஜிஏ சுற்றில் முதல் 65 இடமும் சமநிலையில் நிற்பவர்களும், இந்தியச் சுற்றில் முதல் 50 இடமும் சமநிலைக்காரர்களும் மிச்ச இரண்டு நாள் ஆடுவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெரும்பாலும் அவர்களுக்குப் பணமும் கிடையாது.

பெரிய சுற்றில் ஆடுகிற ஒருவர் வருசத்துக்கு இருபது இருபத்தைந்து போட்டி ஆடினாலே அதிகம். 52 வாரத்தில் அதைக் கழித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்ச வாரங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

நம்ம நாட்டுல அப்படி யாரு இருக்காங்க? எல்லாம் வெள்ளைக்காரன் ஆட்டந்தானே?

இங்கே கொண்டுவந்தது வெள்ளைக்காரன்தான். கொழும்பு ரோயல் கிளப் 1879இல் தொடங்கியது. நுவரெலியா அதற்கடுத்த பத்து வருசமளவில் வந்தது. ஆனால் இன்றைக்கு ஆடுகிறவர்கள் பெயரைப் பாருங்கள்: மிதுன் பெரேரா, அநுர ரோஹண, என். தங்கராஜா, கே. பிரபாகரன். நாலு பேருமே பிஜிடிஐ என்கிற இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடியவர்கள். மிதுனின் அப்பா நந்தசேன பெரேராவும் கோல்ப் வீரர்தான்.

இலங்கைக்கென்று வருசம் முழுக்க ஓடுகிற தொழில்முறைச் சுற்று இல்லை. அதனால் நம்முடைய புரோ பெங்களூர், டெல்லி, டாக்கா என்று பறந்து ஆடிவிட்டு, இடையில் வீட்டுக்கு வந்து பழகி, மறுபடி பறப்பார். இடைவாரம் அவருக்கு ரொம்ப முக்கியமாவது இதனால்தான்.

போட்டி இல்லாத வாரம் லீவுதானே, சும்மா இருப்பாங்களா?

முதல் ஒன்றிரண்டு நாள் கிட்டத்தட்ட அப்படித்தான். நாலு நாள் ஆட்டம், பயிற்சிச் சுற்று, விமானம் எல்லாம் சேர்ந்தால் இடுப்பும் முதுகும் பேசத் தொடங்கிவிடும். தூக்கம், உடம்பு பிடித்துவிடுவது, துணி துவைப்பது, பிள்ளைகளோடு இருப்பது. இதையும் பயிற்சியின் ஒரு பங்காகத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு கோச்சோடு உட்கார்ந்து போன போட்டியின் கணக்கைப் பார்ப்பது. எத்தனை ஃபேர்வே (வெட்டிய புல் பாதை) தப்பியது, எந்தத் தூரத்தில் இருந்து கிரீனை (ஹோல் இருக்கிற வழவழப்பான புல்தரை) பிடிக்கவில்லை, எத்தனை கிரீனில் பட் (பந்தை உருட்டிவிடும் அடி) மூன்று தடவையானது. இரண்டு நாள் அந்த ஓட்டையை அடைக்கிற வேலை நடக்கும். வாரக் கடைசியில் அடிகளின் எண்ணிக்கையை எழுதி 18 ஹோலும் முழுச் சுற்றாக ஆடுவார்கள். ஜிம், நடை, நீட்டிமடக்கல் எல்லாம் ஊடே ஊடே வரும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனால் கணக்குப் பார்க்காமல் நேரே ரேஞ்சுக்கு (பந்து அடித்துப் பழகும் திடலுக்கு) ஓடுகிற நல்ல புரோ அபூர்வம்.

ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிச்சா புரோ மாதிரி வரலாம்?

இந்தக் கேள்விக்கு எண்ணிக்கை சொல்கிறவரை நம்பாதீர்கள். இரண்டு ஆட்களைச் சொல்கிறேன். பீஜித் தீவின் விஜய் சிங், நம்மைப் போலவே இந்திய வம்சாவளி. பொழுது சாய்ந்து எல்லோரும் போன பிறகும் ரேஞ்சில் நிற்பவர் என்று பெயர் எடுத்தவர். 2004இல் மட்டும் அமெரிக்கச் சுற்றில் ஒன்பது போட்டி வென்று உலக முதலிடத்துக்கு வந்தார்.

மற்றவர் அமெரிக்க வீரர் புரூஸ் லீட்ஸ்கி. போட்டி இல்லாதபோது மட்டையைத் தொடவே மாட்டேன் என்று சொன்ன ஆள். அவருடைய கெடிக்கு (பை தூக்கிக் கூடவே வருகிறவர்) நம்பிக்கை வரவில்லை. சீசன் முடிகிறபோது டிரைவர் என்கிற நெடுந்தூர மட்டையின் உறைக்குள் ஒரு வாழைப்பழத்தைச் செருகிவைத்தார். அடுத்த சீசன் முதல் போட்டியில் உறையைக் கழற்றினால், பழம் அழுகிக் கறுத்து அங்கேயே இருந்ததாம். அந்த ஆளும் அமெரிக்கச் சுற்றில் 13 போட்டி வென்றவர். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். எதை நோக்கி அடித்தோம், அடித்த பிறகு எழுதினோமா என்பதைப் பாருங்கள். குறியில்லாமல் இருநூறு பந்து அடிப்பது, தேயிலைத் தோட்டத்தில் முற்றின இலையையும் சேர்த்துக் கூடையை நிரப்பிக்கொண்டு நிறைக்குப் போய் நிற்கிற மாதிரி.

அப்போ எதை முதல்ல பழகணும், டிரைவரா பட்டரா?

‘டிரைவர் வேடிக்கைக்கு, பட்டர் பணத்துக்கு’ என்று கிளப்பில் ஒரு பேச்சு உண்டு. பட்டர் என்றால் பட் போடுகிற மட்டை. அந்தப் பேச்சு பாதி உண்மைதான். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி, அமெரிக்கச் சுற்றில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை எடுத்துக் கணக்குப் போட்டார். முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிட முந்துவதில் மூன்றில் இரண்டு பங்கு, 100 யார் (கஜம்) தூரத்துக்கு வெளியே இருந்து அடிக்கிற அடிகளில் வருகிறது. பட்டிங்கும் குட்டி அடிகளும் சேர்ந்து மிச்ச ஒரு பங்குதான். அந்தக் கணக்கு முறையின் பட்டிங் பகுதியை அந்தச் சுற்றே 2011இல் எடுத்துக்கொண்டது.

அதைக் கேட்டுவிட்டு பட்டரைத் தூக்கி மூலையில் வைக்க வேண்டாம். நெடும் அடி பழக ரேஞ்சும் பந்தும் காசும் வேண்டும். பட்டிங்கும் சிப்பும் (கிரீனுக்குப் பக்கத்தில் இருந்து மெல்லத் தூக்கிப் போடும் அடி) பழக கொஞ்சம் புல் போதும். நம்முடைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் எது கிடைக்கிறதோ அதை ஒழுங்காகப் பழகு, நெடும் அடிக்கு இடம் கிடைக்கிற நாளில் அதற்கே முழு நேரத்தையும் கொடு.

டீவியில எல்லா பட்டும் உள்ள போகுதே, அவங்க எப்படி பழகுறாங்க?

டீவி போகிற பட்டைத்தான் காட்டும். நிஜக் கணக்கு வேறு. மூன்று அடி தூரத்தில் இருந்து புரோ தவறுவது நூற்றுக்கு மூன்று நாலுகூட இல்லை. எட்டு அடிக்கு வந்தால் பாதிக்குப் பாதி. இருபது அடியில் நூற்றுக்குப் பதினைந்து போனாலே பெரிது. அதனால் அவர்கள் பட்டிங்கை இரண்டாகப் பிரித்துப் பழகுகிறார்கள். கிட்டத்துப் பட் தவறக்கூடாது. தூரத்துப் பட் ஹோலுக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

கிட்டத்துக்கு ‘கேட்’ (வாசல்) முறை. பட்டரின் தலை நுழைகிற அளவுக்கு இரண்டு டீயை (பந்தை மேலே வைக்கிற சின்னக் குச்சி) தரையில் குத்தி, அதற்குள்ளால் பட்டரைப் போகவிட்டுப் பந்தை அடிப்பது. தலை கொஞ்சம் கோணினாலும் டீயில் தட்டும், கையில் தெரியும், யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. இன்னொன்று அமெரிக்க வீரர் ஃபில் மிக்கல்சன் செய்து பிரபலமானது: ஹோலைச் சுற்றி மூன்று அடியில் பத்துப் பந்தை வட்டமாக வைத்து, தொடர்ந்து நூறு பட்டை உள்ளே போடுவது. ஒன்று தவறினால் மறுபடி ஒன்றில் இருந்து. தொண்ணூறைத் தாண்டும்போது கை வியர்க்கும். அந்த வியர்வைக்காகத்தான் அந்தப் பயிற்சியே. பிள்ளைகள் இருபதில் தொடங்கலாம்.

தூரத்துக்கு, இருபது, முப்பது, நாற்பது அடியில் ஒவ்வொரு பந்து. ஒரே இடத்தில் நின்று மூன்று பந்து போட்டால் மூன்றாவது எப்போதும் நன்றாக வரும். அதில் ஏமாறக்கூடாது.

சிப் பழக ஏதாவது விளையாட்டு மாதிரி இருக்கா?

இருக்கு, ‘பார் 18’. கிரீனைச் சுற்றி ஒன்பது இடம் தேர்ந்தெடுங்கள்: கொஞ்சம் லேசானது, கொஞ்சம் கஷ்டமானது, ஒன்றிரண்டு பங்கர் (மணல் குழி). ஒவ்வொன்றிலும் ஒரே பந்து. சிப் பண்ணி, பட் போட்டு முடிக்க வேண்டும். பார் என்றால் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு; இங்கே இடத்துக்கு இரண்டு தடவை அடிப்பது. ஆக ஒன்பதுக்கு 18. தேதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் நாள் 26, 27 வந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேஞ்சுல நல்லா வருது, மைதானத்துல இறங்கினா வரல்ல. ஏன்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ரேஞ்சில் ஒரே மட்டை, ஒரே சமதரை, ஒரே குறி. முதல் பந்து வலப்பக்கம் போனால் இரண்டாவதில் சரிபண்ணலாம். மைதானத்தில் அந்த இரண்டாவது பந்து கிடையாது. நம்முடைய மலைநாட்டு மைதானத்தில் சமதரையும் அநேகமாகக் கிடையாது. பந்து காலுக்கு மேலே கிடந்தால் வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் இழுக்கும், கீழே கிடந்தால் வலப்பக்கம் போகும். ரேஞ்சின் பாயில் நின்று இதைப் படிக்க முடியாது.

புரோக்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ரேஞ்சிலேயே மைதானத்தை ஆடுவது. முதல் ஹோல் என்று நினைத்து டிரைவர், அடுத்தது 7 அயன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை), அடுத்தது வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான மட்டை). ஒரே மட்டையை அடுத்தடுத்து எடுப்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நின்று குறி பார்த்து, மூச்சு விட்டு, வந்து நிற்கிற அந்தச் சடங்கை முழுசாகச் செய்வது. புது அசைவு ஒன்றைக் கற்கிற காலத்தில் ஒரே மட்டையைத் திரும்பத் திரும்ப அடிப்பது தேவைதான். போட்டி கிட்ட வரும்போது அதை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, கெட்ட பந்து ஆட்டம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பந்து அடித்து, இரண்டில் எது மோசமோ அங்கிருந்து மறுபடி இரண்டு. நாலு அடி தூரத்துப் பட்டைக்கூட இரண்டு தடவையும் போட்டாக வேண்டும். ஒன்பது ஹோலில் ஆளைக் கசக்கிவிடும். ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில், அனுமதி கேட்டுத்தான் ஆட வேண்டும். பின்னால் வருகிறவரை நிறுத்திவைத்துவிட்டு ஆடினால் அடுத்த நாள் உள்ளே விடமாட்டார்கள்.

லீவு வாரத்துல பணம் வச்சு ஆடுறாங்களாமே, அது சூது இல்லையா?

வீட்டு மைதானத்தில் மற்ற வீரர்களோடு சின்னத் தொகை வைத்து ஆடுகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. தொகைக்காக ஆடுவதில்லை. கடைசி ஹோலில் ஐந்து அடிப் பட்டுக்கு முன்னால் வயிறு கலங்க வேண்டும், அதற்காக. அந்தக் கலக்கம் ரேஞ்சில் கிடைக்காது.

பிள்ளைகளுக்குப் பணம் வேண்டாம். தோற்றவன் பிளேன்டி வாங்கிக் கொடுக்கட்டும். கையில் இருபது ரூபா இருக்கிறவனுக்கு அதுவே போதுமான பயம்.

நுவரெலியாவுல 8 அயன்ல 150 யார் போகுது, கொழும்புல போகல்ல. மட்டையில பிழையா?

மட்டையில் பிழை இல்லை, காற்றில்தான் வித்தியாசம். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர், அதாவது ஆறாயிரம் அடிக்கு மேல். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, பந்தைப் பிடித்து இழுப்பது குறைகிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் 1.16 வீதம் தூரம் கூடும் என்பது பந்து தயாரிப்பாளர்கள் சொல்கிற கணக்கு. அப்படிப் பார்த்தால் இங்கே 7 வீதம். கொழும்பில் 140 யார் போகிற அடி இங்கே 150 போகும். பெங்களூர் சுமார் மூவாயிரம் அடி. அங்கே அதே அடி 145. ஒரே ஆள், ஒரே மட்டை, மூன்று ஊரில் மூன்று தூரம்.

குளிர் இதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று கனம், குளிர்ந்த பந்துக்குத் துள்ளல் குறைவு, ஸ்வெட்டர் போட்ட தோள் முழுசாகத் திரும்பாது. காலை ஆறரைக்கு அடிக்கிற 8 அயனும் மதியம் வெயிலில் அடிக்கிற 8 அயனும் ஒன்றல்ல. அதனால் ‘நுவரெலியா தூரம்’ என்று ஒரே எண்ணை எழுதிவைக்காமல், காலை, மதியம் என்று இரண்டு எழுதுங்கள்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று. மெல்லிய காற்றில் பந்து வளைவதும் குறைவு, மேலே எழும்புவதும் குறைவு. ஸ்லைஸ் என்றால் வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் வளைந்து போகிற அடி. இங்கே ‘என் ஸ்லைஸ் பரவாயில்லை’ என்று இருக்கிற பையன் கொழும்பில் அடித்தால் அது மரத்துக்குள் போகும். ஸ்லைஸ் புதிதாக வந்ததில்லை, இங்கே மறைந்திருந்தது. மலையில் இருந்து கீழே போட்டிக்குப் போகிறவர் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய், வெட்ஜில் இருந்து தொடங்கி ஒவ்வொரு மட்டையின் தூரத்தையும் புதிதாக எழுத வேண்டும். ஏலாது என்றால் திகனயில் விக்டோரியா மைதானத்திலாவது ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாம். அது உயரத்தில் நடுவில் இருக்கிறது.

மழையும் மூடுபனியுமா இருக்கே, அப்போ என்ன பழகுறது?

மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை நம்மை விடாது. கம்பளத்தில் பட்டிங், கண்ணாடி முன் மெதுவாகச் சுவிங், வலை கட்டி அதற்குள் அடிப்பது, உடம்புப் பயிற்சி. எல்லாம் வீட்டுக்குள் செய்யக்கூடியவை. தூறலில் வெளியே ஆடுவதும் பயிற்சிதான். கைப்பிடி நனையாமல் துவாயைக் குடைக்குள் தொங்கவிடுவது, ஈரத் தரையில் பந்து உருளாது என்று கூடுதல் தூரம் போகிற மட்டையை எடுப்பது, இதெல்லாம் அப்போதுதான் படியும். இடி கேட்டால் மட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போங்கள், இதில் பேச்சே இல்லை.

கால் பலத்துக்கு ஜிம் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். லயத்தில் இருந்து ரோட்டுக்கு ஏறி இறங்குகிற பிள்ளைக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

போட்டி நடக்கிற அன்னைக்கே காலையில அந்த மைதானத்துல போய் பழக ஏலுமா?

அடி எண்ணுகிற போட்டியில், அன்றைய சுற்றுக்கு முன்னால் அந்த மைதானத்தில் பயிற்சி அடி அடிக்கக்கூடாது. இது கோல்ப் விதிப்புத்தகத்தின் விதி 5.2. ஆட்டம் தொடங்குகிற முதல் டீக்குப் பக்கத்தில் சிப், பட், அப்புறம் பயிற்சிக்கென்று ஒதுக்கிய இடங்கள், இவற்றுக்கு மட்டும் அனுமதி. ஒருதரம் மீறினால் அடிக் கணக்கில் இரண்டைக் கூட்டுவது தண்டம், இரண்டாம் தரம் மீறினால் வெளியே. நேருக்கு நேர் ஆடுகிற மேட்ச் பிளேயில் இந்தத் தடை இல்லை. அன்றைய ஆட்டம் முடிந்த பிறகும் பழகலாம். ஆனால் போட்டிக் குழு இதையெல்லாம் மாற்றி அறிவிக்கலாம் என்பதால், ஒட்டியிருக்கிற அறிவித்தலை வாசித்துவிட்டு மட்டையை எடுங்கள்.

கெடிக்கு இடைவாரத்துல என்ன வேலை?

நல்ல கெடிக்கு வேலை இருக்கும். அடுத்த மைதானத்துக்கு முன்கூட்டியே போய் நடந்து பார்ப்பது. பங்கரின் முன்விளிம்புக்கு எத்தனை யார், பின்விளிம்புக்கு எத்தனை, கிரீனின் எந்தப் பக்கம் தவறினால் திரும்ப வரலாம், எந்தப் பக்கம் தவறினால் கதை முடிந்தது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது. 2022இல் இருந்து பெரிய சுற்றுகளில் கிரீனின் சரிவை நுணுக்கமாக அச்சடித்த புத்தகங்களுக்குத் தடை. அதனால் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரிந்த கெடிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. வாரக் கூலிக்கு மேல் பரிசில் ஒரு பங்கும் உண்டு. வெற்றி பெற்றால் பத்து வீதம் என்பது பெரிய சுற்றுகளின் வழக்கம்.

பை தூக்குற பையன் புரோ ஆகலாமா? எப்போ ஆகணும்?

ஆகலாம். எப்போது என்பதுதான் சிக்கல். புரோ என்று அறிவித்த பிறகு அமெச்சூர் (தொழிலாக ஆடாதவர்) போட்டிகளுக்குத் திரும்புவது லேசில்லை, விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அமெச்சூராக இருக்கும்போதும் பரிசுக்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு போட்டிக்கு 1,000 அமெரிக்க டொலர். ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தருகிற அடிச் சலுகை) கழித்து ஆடுகிற போட்டியில் காசாக எதையும் வாங்கக்கூடாது. இது தெரியாமல் கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

சுற்றுக்குள் நுழைய தகுதிப் போட்டி ஆட வேண்டும். அதற்கு விமானம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. ‘கட்’ தாண்டாவிட்டால் வருமானம் பூச்சியம் என்று முதல் பதிலிலேயே பார்த்தோம். அதனால் என் கருத்து: சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடிக்கட்டும், வேற்று மைதானங்களிலும் பாருக்குக் கீழே தொடர்ந்து ஆடட்டும், அப்புறம் பேசலாம். சொந்த மைதானத்தில் மட்டும் ஒரு சுற்றை 68 அடியில் முடிக்கிற ஆளை நம்பி வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

எங்ககிட்ட பழைய மட்டை மூணுதான் இருக்கு, அதை வச்சு என்னத்த பழகுறது?

விதியில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்றுதான் இருக்கிறது, இத்தனை வேண்டும் என்று இல்லை. ஸ்பெயினின் செவே பலஸ்தரோஸ் விவசாயி வீட்டுப் பிள்ளை, சின்ன வயசில் கெடி. ஒரேயொரு 3 அயனை வைத்துக் கடற்கரை மணலில் அடித்துப் பழகினார். ஒரு மட்டையால் தாழ்வாக, உயரமாக, வளைத்து, குட்டியாக என்று எல்லாம் அடிக்க வேண்டியிருந்ததால் கை தானாகப் படித்துக்கொண்டது. 1979இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது வயது 22.

மூன்றில் ஒன்று பட்டர், ஒன்று 7 அயன், ஒன்று சாண்ட் வெட்ஜ் என்றால் மேலே சொன்ன கேட் முறை, பார் 18, கெட்ட பந்து ஆட்டம் எல்லாவற்றையும் செய்யலாம். டிரைவர் இல்லை என்று கவலை வேண்டாம். கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். வழுக்கினால் அதை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். வழுக்குகிற பிடியை இறுக்கிப் பிடித்துப் பழகிய கை பிறகு லேசில் தளராது.